பாகப்பிரிவினைத் தகராறை கோர்ட்டுக்கு வெளியே முடிக்க சமரச வக்கீலை எப்படிப் பிடிப்பது?

வைகைவடகரை (கேள்வி)

அப்பா 2021-ல் தவறிவிட்டார், உயில் இல்லை. மதுரையில் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீடும், மேலூர் பக்கம் 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சையும் இருக்கின்றன. அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேர். வீட்டில் அண்ணன் குடும்பமும் அம்மாவும் இருக்கிறார்கள். தங்கை சிங்கப்பூரில். வீட்டை மராமத்து பார்த்த செலவைக் கழித்துவிட்டு மீதியைத்தான் மூன்று பங்காகப் போட வேண்டும் என்கிறார் அண்ணன். தொகை எவ்வளவு என்பதில்தான் பேச்சு முறிகிறது.

இதுவரை வழக்கு எதுவும் இல்லை. போடவும் மனமில்லை. சமரசம் செய்து வைக்கும் வக்கீலை எங்கே தேடுவது, நல்லவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது, கடைசியில் எழுதும் பேப்பர் நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவில்பக்கம்

உங்களுக்குத் தேவைப்படுவது ஒருவர் இல்லை, இரண்டு பேர். நடுவில் உட்காருபவர் சமரசர். அவர் யாருக்கும் வக்கீல் இல்லை, தீர்ப்பும் சொல்ல மாட்டார். இன்னொருவர் உங்கள் பக்கம் உட்கார்ந்து, உங்கள் பங்கைக் கணக்குப் போட்டு, ஒப்பந்த வாசகத்தைப் படித்துப் பார்க்கும் உங்கள் சொந்த வக்கீல். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யக்கூடாது. “நானே உங்களுக்கு வக்கீல், நானே அண்ணனையும் கூப்பிட்டுப் பேசி முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அது சமரசம் ஆகாது. அண்ணன் நாளைக்கு ‘என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று சொல்ல நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

சமரசரைத் தேட நல்ல இடம் நீதிமன்ற வளாகம்தான். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் வந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில், 2005-ல். இப்போது மாவட்டங்களிலும் சமரச மையங்கள் இருக்கின்றன, அவற்றில் பயிற்சி பெற்ற வக்கீல்கள் சமரசர்களாக இருக்கிறார்கள். மையத்துக்கு நேரில் போய் சமரசர் பட்டியலைக் கேளுங்கள். அதில் சொத்து வழக்குகளில் பழக்கமுள்ளவர் யார் என்று உள்ளூர் சிவில் வக்கீல்கள் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். இணையத்தில் ‘நம்பர் ஒன்’, ‘ஐந்து நட்சத்திரம்’ என்று வருவதை நம்பாதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. மேலே தெரியும் பெயருக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை.

நேரில் பார்க்கும்போது நான்கு கேள்வி போதும். 40 மணி நேர சமரசப் பயிற்சி முடித்திருக்கிறீர்களா? எங்கள் குடும்பத்தில் யாருக்காவது எப்போதாவது வக்காலத்து போட்டிருக்கிறீர்களா? எங்களைத் தனித்தனியாகவும் பார்ப்பீர்களா, நான் தனியாகச் சொன்னதை என் அனுமதி இல்லாமல் அண்ணனிடம் சொல்லாமல் இருப்பீர்களா? முடிவு வந்தால் அதை எந்த வடிவத்தில் எழுதுவீர்கள்: பதிவுப் பத்திரமா, மக்கள் நீதிமன்ற உத்தரவா, ராஜித் தீர்ப்பாணையா (இரு தரப்பும் ஒத்துக்கொண்டதைக் கோர்ட்டே தீர்ப்பாக எழுதுவது)? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வேண்டாம்.

ஃபீஸை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்: ஓர் அமர்வுக்கு எவ்வளவு, யார் எத்தனை பங்கு கொடுப்பது, பாதியில் முறிந்தால் என்ன. சமரசர் ஃபீஸில் எல்லோரும் பங்கு போடுவதுதான் நல்லது. ஒருவரே முழுதும் கொடுத்தால் மற்றவருக்கு சந்தேகம் வரும். ‘சொத்தில் இத்தனை சதவீதம்’ என்று பேசும் வக்கீலை ஒதுக்கிவிடுங்கள். வழக்கின் பலனில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு.

இன்னொன்று. அண்ணனுக்கு முதல் கடிதம் வக்கீல் நோட்டீஸாகப் போக வேண்டாம். ‘7 நாட்களுக்குள் பங்கைப் பிரித்துத் தராவிட்டால்’ என்ற வரியைப் படித்தவர் பிறகு சமரச மேசைக்கு வர மாட்டார், வக்கீலைத் தேடிப் போவார். சமரசர் அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் அழைப்பு போகட்டும். சொத்து விவரம், கலந்துகொள்பவர் பெயர், இரண்டு தேதி. யார் பக்கம் நியாயம் என்று அதில் ஒரு சொல்கூட இருக்கக்கூடாது.

மூலப்பத்திரம்

பங்குக் கணக்கே தப்பாக இருக்கிறது, அதைச் சரி செய்யாமல் யாரிடமும் போகாதீர்கள். நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன். அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை என்றால் அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. ஆக மூன்று பங்கு இல்லை, நான்கு. ஆளுக்கு 1/4.

அப்பா இறந்த அன்று பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, ஐந்து பங்காகிவிடும். அதற்குப் பிறகு பாட்டியும் உயில் இல்லாமல் தவறியிருந்தால் அவருடைய 1/5 பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள். நீங்கள் மூவரும் கட்டிப்பிடித்து சமரசம் ஆனாலும் அவர்கள் கையெழுத்து இல்லாத பாகப்பிரிவினை அவர்களைக் கட்டுப்படுத்தாது. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். வாரிசு சான்றிதழையும் இரண்டு பேரின் இறப்புத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

முதல் அமர்வுக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை: மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வாரிசு சான்று, நஞ்சைக்குப் பட்டா, சிட்டா, புலப்பட நகல், வீட்டு வரி ரசீது. அப்பா பெயரில் வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் இருப்புச் சான்று. அடமானம் இருக்கும் வீட்டைப் பற்றி நீங்கள் என்ன பேசி முடித்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது.

வில்லங்கச் சான்றை இப்போதே, சமரசம் பேசும் முன்பே போட்டுப் பாருங்கள். அண்ணன் ஏற்கெனவே தன் பங்கை அடமானம் வைத்திருந்தாலோ, விற்பனை ஒப்பந்தம் பதிந்திருந்தாலோ பொறுமையாகப் பேச நேரமில்லை. வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கிவிட்டு, அதே வழக்கில் சமரச மையத்துக்கு அனுப்பக் கேட்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். வெறும் பேச்சுவார்த்தைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வைகைவடகரை

பாட்டி 2009-லேயே தவறிவிட்டார், எனவே நான்கு பங்கு. வில்லங்கச் சான்று இன்றுதான் ஆன்லைனில் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. ‘20 ரூபாய் பத்திரத்தில் எழுதி நாலு பேர் சாட்சி போட்டால் போதும்’ என்கிறார் மாமா. 2023-ல் வந்த சமரசச் சட்டப்படி அதுவே கோர்ட் தீர்ப்புக்குச் சமம் என்றும் ஒருவர் சொன்னார். சரியா?

தல்லாகுளம்

இரண்டும் சரியில்லை.

மாமா சொல்வது கூர்சீட்டு. ஏற்கெனவே வாய்மொழியாகப் பாகம் பிரித்து, அவரவர் தனித்தனியாக அனுபவித்து வருவதைப் பின்னால் குறித்து வைக்கும் சீட்டு என்றால் அதற்குப் பதிவு தேவையில்லை. உங்கள் விஷயத்தில் அந்தப் பேப்பர்தான் சொத்தையே பிரிக்கிறது. அப்படிப்பட்ட ஆவணத்தைப் பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் 49-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், உரிமையைக் காட்ட அதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். ‘இன்று பிரித்துக்கொள்கிறோம்’ என்பதை ‘முன்பே பிரித்துக்கொண்டோம்’ என்று தேதி மாற்றி எழுதச் சொல்லும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள். குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம்கூட நிற்காது.

2023 சமரசச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சமரச ஒப்பந்தத்தைத் தீர்ப்பாணை போல நிறைவேற்ற வழி சொல்வது உண்மை. ஆனால் அந்தச் சட்டம் துண்டு துண்டாகத்தான் அமலுக்கு வருகிறது. 2023 அக்டோபர் 9-ல் அமலுக்கு வந்த முதல் தொகுதியில் 27 இல்லை. அதை நம்பிக் கையெழுத்துப் போடச் சொல்பவரிடம் அந்தப் பிரிவு அமலுக்கு வந்த அறிவிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தப் பேப்பர் வெறும் ஒப்பந்தம். அண்ணன் மீறினால் அதை வைத்து நீங்கள் புதிதாக வழக்குத்தான் போட வேண்டும்.

உறுதியாக நிற்கும் வழிகள் மூன்று.

தனியார் சமரசரிடம் பேசி முடித்து, பாகப்பிரிவினைப் பத்திரமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது ஒன்று. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலைக்குப் பிறகு ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 10,000. உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுப்பது. கட்டணம் கிடையாது. அவர்களே எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். பேசி முடிந்தால் மக்கள் நீதிமன்றம் உத்தரவு போடும், அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. அண்ணன் வரவே இல்லை என்றால் மனு அத்தோடு மூடப்படும், கட்டாயப்படுத்த முடியாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அம்மாவுக்கென்று தனி வக்கீல் வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. தொலைபேசியில் கேட்க 15100.

மூன்றாவது, பாக வழக்குப் போட்டு சிவில் நடைமுறைச் சட்டம் 89-ஆம் பிரிவில் சமரசத்துக்கு அனுப்பச் சொல்லி, ராஜித் தீர்ப்பாணை வாங்குவது. கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொல்லும் வழக்குக்கு நிலையான சிறு கட்டணம்தான். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். சமரசம் ஆகிவிட்டால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-ஏ பிரிவில் முழுக் கட்டணமும் திரும்ப வரும். வழக்கு நடக்கும்போது கட்சிக்காரர்கள் வெளியில் தாங்களாகவே பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திரும்பக் கேட்டு மனுப் போட மறந்துவிடாதீர்கள்.

மேசையில் பேசியது வழக்கில் எதிராக வருமோ என்ற பயம் வேண்டாம். சமரசம் முறிந்தால் ‘முடியவில்லை’ என்று மட்டும்தான் சமரசர் கோர்ட்டுக்கு எழுத வேண்டும், யார் என்ன சொன்னார் என்று எழுதக்கூடாது. மோதிராம் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

பின்னல்நகரம்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். திருப்பூரில் துணி சப்ளை செய்த வகையில் 18 லட்சம் பாக்கி. வக்கீல் ‘முதலில் சமரசத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்’ என்கிறார். சொத்து விஷயத்துக்குக் கட்டாயம் இல்லாதது எனக்கு மட்டும் ஏன்?

தல்லாகுளம்

உங்களுடையது வணிகத் தகராறு. மதிப்பு 3 லட்சம் அல்லது அதற்கு மேல், அவசரத் தடை எதுவும் கேட்கவில்லை என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் 12-ஏ பிரிவில் முன் சமரசம் கட்டாயம். அதைச் செய்யாமல் போட்ட வழக்கு மனு நிராகரிக்கப்படும் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் படிவம் 1, கூடவே 1,000 ரூபாய். எதிர்த்தரப்பு வராவிட்டாலோ மறுத்தாலோ படிவம் 3-ல் ‘தொடங்கவில்லை’ என்று அறிக்கை தருவார்கள், அதை வைத்து வழக்குப் போடலாம். வந்தால் சமரசர் ஃபீஸ் 10 முதல் 50 லட்சம் வரையான வழக்குக்கு 30,000, ஆளுக்குப் பாதி. காலம் 3 மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் 2 மாதம். முடிந்தால் அந்த ஒப்பந்தத்தை நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம்.

காலக்கெடுவைத்தான் கவனிக்க வேண்டும். பாக்கிக்கு 3 வருடம். 12-ஏ சமரசத்தில் கழியும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. நீங்களாகத் தனியாகப் பேசும் நாட்கள் சேரும். ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்று போனில் சொல்லியே மூன்று வருடத்தைத் தாண்ட வைத்துவிடுவார்கள். கெடு முடியும் முன்பே பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கினால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். சமரச அமர்வில் ஒப்புக்கொண்டதை இதற்குப் பயன்படுத்த முடியாது, அது ரகசியம். தனியாக வாங்க வேண்டும்.

நீங்கள் உற்பத்தியாளர், ஆர்டருக்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தது என்றால் வக்கீலிடம் சிறு, குறு தொழில் வசதிக் கவுன்சில் பற்றிக் கேளுங்கள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் (பேங்க் ரேட்) மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாகக் கேட்க முடியும். பேச்சில் அது பெரிய பலம்.

சிவில்பக்கம்

@வைகைவடகரை, மராமத்துக் கணக்குக்கு வருகிறேன். முட்டுக்கட்டை அங்கேதான்.

செலவை மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒழுகிய தளம், விரிசல் விட்ட சுவர் மாதிரி வீட்டைக் காப்பாற்றிய செலவு எல்லோர் தலையிலும் நியாயமாக விழும். புதிதாக எடுத்த அறை வீட்டின் மதிப்பைக் கூட்டியிருக்கும், அதை இன்றைய மதிப்பில் எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டுமே தவிர பில் தொகையை அப்படியே எடுக்கக்கூடாது. அண்ணன் வசதிக்காகச் செய்த சமையலறை அலமாரி, பெயின்ட், ஏசி இவற்றை அவரே ஏற்பது வழக்கம். பிறகு எதிர்ப்பக்கத்தில் வாடகை. 2021-லிருந்து மற்றவர்கள் பங்கிலும் அவர் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார். அதே சமயம் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. வாடகையைக் கேட்பதற்கு முன் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பல குடும்பங்களில் பணத்தைவிட இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மறு பக்கம் காத்திருக்கும்.

மதிப்பீட்டாளரை ஆளுக்கொருவராகக் கொண்டுவராதீர்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவர், ஃபீஸ் நான்காகப் பங்கு. அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு பதிவுக்கு மட்டும். பேசுவது சந்தை மதிப்பில்.

முடிவு அநேகமாக அண்ணன் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமும் நிலமும் தருவதாகத்தான் வரும். அப்போது வாசகத்தில் தவறவிடுபவை இவை. ‘ஆறு மாதத்துக்குள் தருவார்’ என்று மட்டும் எழுதினால், தராவிட்டால் என்ன என்பதற்குப் பதில் இருக்காது. தவணைத் தேதி, தவறினால் வட்டி எவ்வளவு, எந்தத் தேதிக்கு மேல் வீட்டை விற்றுப் பிரிப்பது என்று வரிசையாக வர வேண்டும். பணம் கைக்கு வரும் முன் விடுதலைப் பத்திரத்தில் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துப் போடாதீர்கள். டி.டி. எண், தேதி, வங்கி, தொகை பத்திரத்திலேயே ஏற வேண்டும், பதிவு நாளன்று சார்பதிவாளர் முன் கைமாற வேண்டும். நிலத்தை ‘வடபக்கம் பாதி’ என்று எழுதினால் அடுத்த சண்டை வரப்பில் ஆரம்பிக்கும். சர்வேயரை வைத்து அளந்து, சர்வே எண், நான்கு எல்லை, நீள அகலம், வரைபடம் எல்லாம் இணைக்க வேண்டும். பம்புசெட் மின் இணைப்பு யாருக்கு, கிணற்றுத் தண்ணீர் முறை எப்படி, வண்டிப்பாதை எங்கே என்பதும் அதில் வர வேண்டும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க எல்லோரும் ஒத்துழைப்பதாகவும் ஒரு வரி சேருங்கள்.

அம்மா பங்கு தனி விஷயம். அவர் அண்ணனுக்கே கொடுக்க விரும்பினாலும் அந்த முடிவை சமரச மேசையில் எல்லோர் முன்னாலும் எடுக்க வைக்காதீர்கள். சமரசர் அவரைத் தனியாகப் பார்க்கட்டும். எழுதிக் கொடுப்பதாக இருந்தால், ஆயுள் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான், பின்னால் கைவிட்டால் 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வலுவான பிடி கிடைக்கும்.

மூலப்பத்திரம்

தங்கை பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சுவார்த்தைக்கு அவர் வீடியோவில் உட்காரலாம், ஆனால் பதிவுக்கு ஒன்று நேரில் வர வேண்டும் அல்லது பவர் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கொடுக்க வேண்டும். பவரை சிங்கப்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற்று அனுப்பட்டும். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். உறை வந்த தேதிக்கு அத்தாட்சியாக கூரியர் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பவரில் ‘சொத்தை நிர்வகிக்க’ என்று மட்டும் இருந்தால் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார். இரண்டு சொத்தின் முழு விவரம், சமரசம் பேச, பாகப்பிரிவினையில் கையெழுத்திட, பதிவுக்குத் தாக்கல் செய்ய, தொகையைப் பெற என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். பவர் ஏஜென்டாக உங்களையோ அண்ணனையோ போடாமல் தங்கையின் கணவர் பக்கத்தில் ஒருவரைப் போடுங்கள். ஒரே ஆள் தன் பங்குக்கும் தங்கை பங்குக்கும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைப் பிற்பாடு கேள்வி கேட்பது சுலபம். வரைவு தயாரானதும் தங்கைக்கு அனுப்பி, ‘படித்தேன், சம்மதம்’ என்று அவர் கைப்பட ஒரு மின்னஞ்சல் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு பதிவுத் தேதியைக் குறியுங்கள்.